இலை ஒழுங்கும் பந்தி ஒழுங்கும்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காத தமிழர் குறைவு. நுனி வலப்பக்கம் வந்துவிட்டால் பக்கத்து இலைக்காரரே கையை நீட்டித் திருப்பிப் போட்டுவிடுவார். உப்பு எந்த மூலையில், அப்பளம் எப்போது, பாயசம் மோருக்கு முன்பா பின்பா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். தத்தம் ஊர் வழக்கமே சாஸ்திரம் என்று வாதாடவும் ஆள் இருக்கும். இந்த இலை ஒழுங்கைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. பெரும்பாலும் அவை முன்னோரின் அறிவை வியந்து முடிந்துவிடும். பக்கத்து இலையில் யார் உட்காரலாம், யார் பரிமாறலாம், யார் கடைசியில் சாப்பிடுவது, எச்சில் இலையை யார் எடுப்பது என்ற கேள்விகளை அவை தொடுவதில்லை. தமிழ்நாட்டின் சாப்பாட்டு நாகரிகம் சோதனைக்கு உள்ளானதோ அந்தக் கேள்விகளில்தான். அவற்றுக்காக ஒரு கட்சிக்குள் பிளவு வந்தது, ஆட்கள் சிறைக்குப் போனார்கள், சட்டங்கள் எழுதப்பட்டன.

முதலில் இலை. தலைவாழை இலையைக் கிடைமட்டமாக, நுனி உண்பவரின் இடப்பக்கம் வரப் போடுகிறோம். இதற்குத் தெய்வீகக் காரணம் தேட வேண்டியதில்லை. இலை நுனியில் குறுகி அடியில் அகலும். பிசையும் கை வலக்கை. ஆகவே சோறு விழவும் பிசையவும் அகலமான பகுதி வலப்பக்கம் வேண்டும். உப்பு, ஊறுகாய், இனிப்பு என்று கொஞ்சமாக வைப்பவை, அடிக்கடி தொடாதவை, குறுகிய இடப்பக்கம் போதும். நடு நரம்பு இலையை இரண்டாகப் பிரிக்கிறது: மேல்பாதியில் கூட்டு, பொரியல், பச்சடி, அவியல், கீழ்ப்பாதியில் சோறும் அதன்மேல் ஊற்றுபவையும். ரசம் பொரியலுக்குள் ஓடாமல் அந்த நரம்பே ஓரளவு அணை போடும். தரையில் பாய் விரித்த பந்தியில் பரிமாறுபவர் இலைக்கு எதிர்ப்பக்கம் நின்று குனிவார். தொடுகறி வைக்கும் மேல்பாதி அவர் பக்கமும், உண்ணும் பகுதி நம் பக்கமும் இருப்பதால் அவர் கை நம் சோற்றுக்கு மேலே நீள வேண்டியதில்லை. மண்டபங்களில் மேசை வந்த பிறகும், மேசைகளின் ஒருபுறம் மட்டும் ஆட்களை உட்காரவைத்து எதிர்ப்புறத்தைப் பரிமாற விட்டுவைப்பது அந்தத் தரைப் பந்தியின் மிச்சம்தான்.

வரிசை முறையில் ஒற்றுமை குறைவு. பருப்பும் நெய்யும் முதலில், மோர் கடைசியில் என்ற இரண்டு முனைகளும் பெரும்பாலும் நிலையானவை. நடுவில் உள்ளது ஊர்ப்பாடு. நாஞ்சில் நாட்டில் பாயசத்தை இலையிலேயே ஊற்றி, அப்பளத்தையும் பழத்தையும் அதில் பிசைந்து உண்டுவிட்டுத்தான் மோருக்குப் போவார்கள். திருநெல்வேலிச் சைவ வீட்டுக் கல்யாணங்களில் மறுநாள் விருந்துக்குத் தேங்காய்ப்பால் சொதி வைக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுண்டும். சாப்பிட்டபின் இலையைத் தன் பக்கமாக மடிப்பது மங்கலம், எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டுக்கு உரியது என்று பல ஊர்களில் சொல்வார்கள். அதிலும் மாறுபாடு உண்டு. நுனி இடமா வலமா என்பதில் எனக்கு ஓரளவு பிடிப்பு உண்டு, காரணம் புரிவதால். மடிப்பில் அப்படி ஒன்றும் இல்லை.

இலை போடும் காட்சியை விரிவாகக் காட்டும் பழைய தமிழ்ப் பதிவு சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் இருக்கிறது. மதுரைக்கு வெளியே ஆயர் வீட்டில் கண்ணகி கோவலனுக்குச் சமைக்கிறாள். பனையோலைத் தடுக்கில் அவனை உட்காரவைத்து, மண்கலத்து நீரால் அடி கழுவி, தரையில் நீர் தெளித்து மெழுகி, இளம் வாழையின் குருத்து இலையை விரித்துப் பரிமாறுகிறாள். உண்டு முடித்தபின் வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். அதுவே அவன் கடைசிச் சாப்பாடு என்பது வாசகருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இளங்கோ இந்தச் சடங்கை இவ்வளவு நிதானமாக எழுதியதன் கூர்மை அங்கே இருக்கிறது. இன்னொரு சிறு செய்தியையும் கவனிக்க வேண்டும். கோவலன் சாவக நோன்பி, அதாவது சமண இல்லறத்தான் என்பதால், புழங்காத புதுக் கலங்களையும் தகுந்த பொருள்களையும் கொடுக்கும்படி மாதரி தன் வீட்டுப் பெண்களிடம் சொல்கிறாள். யார் கலத்தில் யார் உண்பது என்ற கேள்வி அந்தக் காப்பியத்தின் அடுக்களையிலேயே எழுந்துவிட்டது. ஆனால் அங்கே அது விருந்தாளியின் நோன்பை மதிக்கும் அக்கறையாக இருக்கிறது. ஆயர்மகள் கையால் வந்த அரிசியும் காயும் பால்பொருளும் கோவலனுக்கு ஏற்புடையவையாகவே இருந்தன.

சாப்பாட்டு ஒழுக்கத்தை விதிகளாகவே எழுதிவைத்த தமிழ் நூல் ஆசாரக்கோவை. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று, பெருவாயின் முள்ளியார் பாடியது, நூறு வெண்பாக்கள். வடமொழி ஆசார நூல்களின் வழியைத் தழுவியது என்று அதன் பாயிரமே ஒப்புக்கொள்கிறது. குளித்து, கால் கழுவி, வாய் பூசி உண்ண வேண்டும். கிழக்கு நோக்கி உட்கார வேண்டும். தூங்கி வழியாமல், அசையாமல், வேறெங்கும் பார்க்காமல், பேசாமல், சிந்தாமல் உண்ண வேண்டும். படுத்தும் நின்றும் வெட்டவெளியிலும் உண்ணக் கூடாது. இனிப்பை முதலிலும் கசப்பைக் கடைசியிலும், மற்றவற்றை இடையிலும் உண்ண வேண்டும். இன்றும் இலையில் இனிப்பை முதலில் வைக்கும் வழக்கத்துக்கு இதைவிடப் பழைய தமிழ்ச் சான்று தேட வேண்டியதில்லை. பேசாமல் உண் என்ற விதியை இன்றைய கல்யாணப் பந்தியில் யாரும் கடைப்பிடிப்பதில்லை. கடைப்பிடித்தால் சம்பந்தி கோபித்துக்கொண்டார் என்று பொருள்.

ஆசாரக்கோவையில் எனக்கு முக்கியமாகப் படுபவை வேறு இரண்டு விதிகள். விருந்தினர், முதியவர், பசு, பறவை, பிள்ளைகள் ஆகியோருக்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் உண்ண வேண்டும் என்பது ஒன்று. பெரியவர்களோடு பந்தியில் இருக்கும்போது அவர்களுக்கு முன் தொடங்கவும் கூடாது, முன் எழவும் கூடாது, அவர்களின் வலப்பக்கம் நெருங்கி உட்காரவும் கூடாது என்பது இன்னொன்று. முதல் விதி பசித்தவனைப் பார்க்கச் சொல்கிறது. இரண்டாவது விதி படிநிலையைப் பார்க்கச் சொல்கிறது. இவை இரண்டும் பின்வந்த நூற்றாண்டுகளில் பந்திக்குள் இழுபறியாகவே இருந்தன.

ஐரோப்பாவில் இதே வகையைச் சேர்ந்த நூல்களில் புகழ்பெற்றது எராஸ்மஸ் 1530இல் இலத்தீனில் எழுதிய சிறுவர் ஒழுக்கக் கையேடு. ஒரு பிரபு வீட்டுப் பையனுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உடனே பல மொழிகளுக்குப் போனது. பொதுத் தட்டில் முதல் ஆளாகக் கைவிடாதே, நெய் வழியும் விரலை நக்காதே, சட்டையில் துடைக்காதே, மேசைத் துணியில் துடை என்கிறது அது. இந்த விதிகளுக்குப் பின்னால் உள்ள சிக்கல் ஒன்றே: நடுவில் ஒரு தட்டு, சுற்றிலும் பல கைகள். அந்தச் சிக்கலுக்கு ஐரோப்பா கண்ட விடை முள்கரண்டி. விடை வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. 11ஆம் நூற்றாண்டில் வெனிஸுக்கு மணமாகி வந்த பைசாந்திய இளவரசி முள்கரண்டியால் உண்டதைப் பீட்டர் டேமியன் என்ற துறவி ஆடம்பரம் என்று கண்டித்து எழுதினார். 1611இல் தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயர் இத்தாலியில் தாம் பார்த்த முள்கரண்டியைத் தம் பயண நூலில் ஓர் அதிசயமாகவே வருணித்தார். கத்தியைப் பற்றிய அச்சம் தனி. 1669இல் பதினான்காம் லூயி கூர்முனைக் கத்திகளைத் தடை செய்தார். இன்றும் மேசையில் கத்தியின் கூரான விளிம்பு தன் தட்டை நோக்கியே இருக்க வேண்டும் என்பது அந்த அச்சத்தின் நாகரிகமான வடிவம். உணவுகளை எல்லாம் மேசையில் ஒரே நேரத்தில் பரப்பும் பிரெஞ்சு முறை போய், ஒவ்வொன்றாகப் பரிமாறும் ரஷ்ய முறை வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். பாரிஸில் ரஷ்யத் தூதராக இருந்த குராகின் அதை 1810 வாக்கில் அறிமுகப்படுத்தினார் என்பார்கள். ஒவ்வொருவர் முன்பும் கத்தியும் கரண்டியும் வரிசைகட்டி நிற்கும் இன்றைய 'சரியான மேசை' அந்த மாற்றத்தின் பிள்ளை. அதற்கு இரண்டு நூற்றாண்டுதான் வயது.

பொதுத்தட்டுச் சிக்கலைத் தமிழர் பந்தி வேறு வழியில் தீர்த்தது. ஆளுக்கோர் இலை, கரண்டியும் கை வைத்த பாத்திரமும் பரிமாறுபவரிடம் மட்டும், சாப்பிட்டு முடித்ததும் இலை தூக்கி எறியப்படும். எச்சில் என்ற கருத்து இதன் அச்சு. வலக்கை வாய்க்குப் போகும், ஆகவே அது எச்சில் கை. தண்ணீர்க் குவளையை எடுக்க இடக்கை. தண்ணீரை உதட்டில் வைக்காமல் தூக்கிக் குடிக்க வேண்டும். அகப்பை இலையைத் தொடாமல் மேலிருந்து விழவேண்டும். போதும் என்பதற்கு இலைக்கு மேல் கையை விரித்துக் காட்ட வேண்டும். எச்சில் கையால் பரிமாறுபவரின் கையைத் தடுக்கக் கூடாது. பக்கத்து இலையில் தன் கை நீர் தெறிக்கக் கூடாது. தொற்றுநோய்க் காலத்தில் உலகமே கற்றுக்கொண்ட ஒழுங்கு இதில் பாதிக்கு மேல் இருக்கிறது. ஐரோப்பிய மேசை ஒழுக்கம் தன் விரலையும் அடுத்தவர் கத்தியையும் கண்டு பயந்து வளர்ந்தது. நம் பந்தி ஒழுக்கம் எச்சிலைக் கண்டு பயந்து வளர்ந்தது.

கேடும் அங்கேதான் நுழைந்தது. வாயில் பட்டதைத் தவிர்ப்பது சுத்தம். ஒரு மனிதரின் கை பட்டதையும், நிழல் பட்டதையும், கண் பட்டதையும் அதே பட்டியலில் சேர்த்தபோது அது சாதியாயிற்று. சிலர் உண்பதை வேறு சிலர் பார்க்கவே கூடாது என்ற திருஷ்டி தோஷ விதி பந்தியைக் கதவு சாத்திய அறைக்குள் கொண்டுபோனது. ஒரே சமையல், ஒரே இலை, தனித்தனிப் பந்தி என்பது நம் சத்திரங்களின் இயல்பான ஏற்பாடாக இருந்தது. எச்சில் இலையை எடுக்கும் வேலை குறிப்பிட்ட ஆட்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. எச்சிலுக்கு அஞ்சிய இதே மரபு, பிராமணர் உண்ட எச்சில் இலைகளின் மேல் மற்றவர்கள் உருளும் நேர்த்திக்கடனையும் சில கோயில்களில் வளர்த்தது. கர்நாடகத்தில் அதற்கு மடே ஸ்நானம் என்று பெயர். கரூர் மாவட்டம் நெரூரில், சதாசிவ பிரம்மேந்திரர் சமாதியில், பக்தர்கள் உண்ட இலைகளில் அங்கப்பிரதட்சணம் செய்யும் வழக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் தடுத்தது. 2024இல் தனி நீதிபதி அதை அனுமதித்தார். 2025 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அனுமதியை ரத்து செய்தது. அங்கே எல்லாச் சாதியாரும் உண்கிறார்கள், உருள்கிறார்கள் என்பது ஆதரித்தவர்களின் வாதம். உண்டு எறிந்த இலையின்மேல் உருள்வது மனித மாண்புக்குப் பொருந்தாது என்பதே எனக்கும் சரியாகப்படுகிறது.

சாதி பார்க்கும் இந்தப் பந்தி அமைப்பை அடுப்படியிலிருந்தே எதிர்த்தவர்களில் ஒருவர் வள்ளலார். 1867 மே 23 அன்று வடலூரில், பார்வதிபுரத்தார் கொடுத்த நிலத்தில், சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்து வந்தவரிடம் சாதியும் ஊரும் கேட்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. அவர் பந்தி ஒழுங்கைப் பற்றி வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. பசி என்ற ஒரே தகுதியை வைத்து இலை போட்டார். கேரளத்தில் 1917 மே மாதம் செறாயில் சகோதரன் ஐயப்பன் நடத்திய கலப்பு விருந்து இன்னும் நேரடியானது. ஈழவரும் புலையரும் ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள். அதற்காக அவர் சொந்தச் சமூகத்தாரிடமே வசை வாங்கினார். 'புலையன் ஐயப்பன்' என்று ஏசப்பட்டதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

தமிழ்நாட்டின் அரசியலைத் திருப்பிய பந்தி சேரன்மாதேவியில் நடந்தது. 1920களின் தொடக்கத்தில் வ.வே.சு. ஐயர் அங்கே ஒரு குருகுலத்தை நிறுவினார். தேசியக் கல்வி, உடலுழைப்பு, தமிழ் என்று உயர்ந்த இலட்சியங்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் நிதியுதவியும் கிடைத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு, அவர்களுடைய பெற்றோர் விரும்பியபடி, தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. இரண்டே இலைகள்தான். ஐயர் தாம் எல்லாரோடும் உட்கார்ந்து உண்பவர். கொடுத்த வாக்கை மீறுவதற்கில்லை என்பது அவர் நிலை. பொதுப்பணத்தில் நடக்கும் தேசிய நிறுவனத்தில் பிறப்பைப் பார்த்து இலை போடுவதா என்று அன்று காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். நாயுடு தமது 'தமிழ்நாடு' இதழில் விடாமல் எழுதினார். காந்தியிடமும் வழக்குப் போயிற்று. 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய கமிட்டி, தேசிய இயக்கத்தைச் சேர்ந்த அமைப்புகளில் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்ற எஸ். இராமநாதனின் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதை எதிர்த்துச் சிலர் பதவி விலகினர். அவ்வாண்டு ஜூனில் பாபநாசம் அருவியில், தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாமல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். வெளியேறியது பிரதிநிதித்துவக் கேள்விக்காக. மனம் முறிந்தது அதற்கு முன்பே, குருகுலத்தின் அந்தத் தனி இலைகளில்.

இருவர் தனியாக உண்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று இன்றைய வாசகருக்குத் தோன்றலாம். அன்று கேட்டவர்களும் உண்டு. பந்தியில் தனி இலை என்பது அந்த இரு பிள்ளைகளைப் பற்றிய செய்தி அல்ல, மற்றப் பிள்ளைகளைப் பற்றிய செய்தி. உன் பக்கத்தில் உட்கார்ந்து உண்பது எனக்கு இழிவு என்பதை ஒரு வார்த்தை பேசாமல் நாளுக்கு இரு வேளை அது சொல்லிக்கொண்டிருந்தது. நாகரிகக் குறைவு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் அங்கே இலை நுனி சரியான பக்கத்தில்தான் இருந்திருக்கும்.

குருகுலம் ஒன்றுதான் அப்படி என்று இல்லை. தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்ற பிரிவினை 1941 வரை இருந்தது. சுயமரியாதை இயக்கத்தார் தொடர்ந்து எதிர்த்த பிறகே எடுக்கப்பட்டது. ஊர்களில் உணவகங்களின் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் சுதந்திரத்துக்குப் பிறகும் தொங்கியது. 1957இல் திருவல்லிக்கேணியில் ஒரு கடைக்கு முன்னால் அந்தச் சொல்லை நீக்கக் கோரித் திராவிடர் கழகத்தார் நாள்தோறும் மறியல் செய்து மாதக்கணக்கில் கைதானார்கள். கிராமத்துத் தேநீர்க் கடைகளில் தலித் மக்களுக்கு வேறு குவளை என்ற இரட்டைக் குவளை முறைக்குப் பலகையே தேவைப்படவில்லை. அரசமைப்புச் சட்டம் 15ஆம் பிரிவில் பொது உணவகங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதும், 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் உணவகத்தில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையைத் தனியாக எழுதிவைத்ததும் இத்தகைய அனுபவங்களால்தான். குவளைக்குச் சட்டம் எழுத வேண்டிவந்த நாடு இது.

சேர்ந்து உண்டால் சாதி போய்விடுமா? அம்பேத்கர் நம்பவில்லை. 1936இல் அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் சமபந்தி விருந்துகளை அவர் எடைபோட்டார். சேர்ந்துண்ணும் சாதிகள் பல இருந்தும் சாதி உணர்வு சாகவில்லை, கலப்பு மணமே மருந்து என்றார். பின்னர் நடந்தவை அவர் பக்கமே சாட்சி சொல்கின்றன. அண்ணா நினைவு நாளிலும் சுதந்திர நாளிலும் அறநிலையத் துறைக் கோயில்களில் நடக்கும் பொது விருந்தில் அமைச்சரும் ஆட்சியரும் இலை முன் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வருடத்தில் அந்த இரண்டு நாள் பந்தியை யாரும் எதிர்ப்பதில்லை என்பதே அது எவ்வளவு குறைவாகத் தொடுகிறது என்பதற்கு அடையாளம். எதிர்ப்பு வருவது அன்றாடச் சாப்பாட்டில். 1956இல் காமராஜர் விரிவாக்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று பள்ளிப் பந்தி வளர்ந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் நாள்தோறும் ஒரே வரிசையில் தட்டுடன் உட்காருவது தமிழ்நாட்டின் மிகப் பெரிய சமபந்தி என்பேன். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரார் சிலர் தடுத்தார்கள். அவரை முதலில் இடமாற்றம் செய்த அதிகாரிகள், எதிர்ப்பு கிளம்பியதும் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். பந்தியைச் சமமாக்கிவிட்டோம்; அகப்பை யார் கையில் என்பதில் இன்னும் இழுபறி.

இலையும் வரிசையும் மட்டுமே தமிழர் வழி என்று நினைக்கவும் கூடாது. காயல்பட்டினத்து முஸ்லிம்களின் களறி விருந்தில் ஒரு சஹனில், அதாவது பெரிய தட்டில், இருவர் மூவராகச் சேர்ந்து உண்பார்கள். இலங்கை முஸ்லிம் விருந்துகளில் ஒரு சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவது வழக்கம். தன் முன்னால் உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும், நடுவில் கை நீட்டக் கூடாது, இறைச்சியைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும், எல்லாரும் முடிக்கும்வரை எழக் கூடாது. எச்சில் அச்சத்தில் வளர்ந்த ஒருவருக்கு முதல் கவளம் தயக்கமாகவே இருக்கும். யாரோடு தட்டைப் பகிர்வது என்று அங்கே தேர்ந்தெடுக்க முடியாது. இடம் எங்கே காலியோ அங்கே உட்கார வேண்டும். அந்தக் கட்டாயத்தில் ஒரு நாகரிகம் இருக்கிறது.

இன்றைய மண்டபத்துக்கு வருவோம். சமையல் ஒப்பந்தக்காரர் இலைக் கணக்கில் விலை பேசுகிறார். அவருடைய சௌகரியத்துக்காக ஆள் உட்காரும் முன்பே இலையில் பாதிப் பண்டங்கள் வைக்கப்பட்டுவிடுகின்றன. நாம் உட்காரும்போது கூட்டு ஆறியிருக்கிறது, வேண்டாதது வீணாகிறது. வேண்டுமா என்று கேட்டு வைப்பதுதான் பரிமாறுதல். கேட்காமல் வைத்துவிட்டுப் போவதற்கு ஆள் தேவையில்லை. அடுத்த பந்திக்காக நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பது, உண்பவர் பாயசத்தில் இருக்கும்போதே நாற்காலி முதுகில் கைக்குட்டை போடுவது, வாயில் சோறு இருக்கும்போது கேமராவை நீட்டுவது ஆகியவை நம் காலத்துப் புது அநாகரிகங்கள். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட நெகிழிப் பொருள்களின் பட்டியலில் சாப்பாட்டு மேசையில் விரிக்கும் நெகிழித் தாளும் இருக்கிறது. அது போனதில் இழப்பு இல்லை. பூவன் இலை போதும். வீட்டுக்காரர் ஒவ்வோர் இலையாக நின்று 'இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா' என்று கேட்கும் பந்தி விசாரிப்பு அருகிவருகிறது. அவர் மேடையில் மொய்க் கவர் வாங்கிக்கொண்டு நிற்கிறார். நின்று உண்ணும் பஃபேயை ஆசாரக்கோவை ஏற்காது. எனக்கும் பிடிப்பதில்லை. ஆனால் அதற்கு ஒரு வாதம் உண்டு: அங்கே யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, வேண்டியதை வேண்டிய அளவு எடுக்கலாம், தள்ளி உட்காரவைக்கும் வரிசையும் இல்லை. பந்தியில் அவமானப்பட்ட நினைவு உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு உண் என்ற ஆசாரக்கோவை விதியின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஆண்கள் உண்டு, பிள்ளைகள் உண்டு, விருந்தாளி உண்டு, கடைசியில் பானையில் எஞ்சியதைப் பெண்கள் உண்டார்கள். கணவன் உண்ட இலையிலேயே மனைவி உண்பது பல குடும்பங்களில் கற்புக்கு அடையாளமாகப் பாராட்டப்பட்டது. அவளுக்கென்று ஓர் இலை போடுவது ஆடம்பரமாகக் கருதப்பட்டது. கல்யாண வீட்டில் சமையல்காரருக்கும் பரிமாறுபவருக்கும் இன்று அதே நிலை. மூன்று மணிக்கு மேல், மேசை விரிப்பு சுருட்டப்பட்டு, மின்விசிறி நிறுத்தப்பட்ட பிறகு, அடுப்பங்கரைத் தரையில் அவர்கள் எதையோ உண்கிறார்கள். எச்சில் இலையை எடுக்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் பொட்டலம்தான். அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது சலுகை. வீட்டார் யாரும் அவர்களைச் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை, ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள்.

இதை மாற்றச் சட்டமோ மாநாடோ தேவையில்லை. அடுத்து உங்கள் வீட்டில் விசேஷம் வரும்போது, ஒப்பந்தக்காரரிடம் விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள்: கடைசிப் பந்தி சமைத்தவர்களுக்கும் பரிமாறியவர்களுக்கும் இலை எடுத்தவர்களுக்கும், அதே கூடத்தில், அதே தலைவாழை இலையில், மின்விசிறியை நிறுத்தாமல் நடக்க வேண்டும், பரிமாறுவது வீட்டார்.